அட்டையில் ஒருவருக்கு மட்டும் உயிர்

பல் மருத்துவமனைக்கு வருகிறவர்களின் பெயர் பாப்பாவுக்கு நினைவில் நிற்காது, பல்தான் நிற்கும். பதினெட்டு வருடமாக வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருப்பவளுக்கு ஊர் ஜனங்கள் எல்லோரும் கடைவாய்ப்பல்காரர், கம்பி போட்ட பெண், முன்பல் உடைந்த வக்கீல், ஊசிக்குப் பயந்து மூன்று முறை ஓடிப்போன பேங்க் மேனேஜர் என்றுதான் பதிவாகியிருந்தார்கள். அன்று காலை முதல் ஆளாக வந்தவர் கடைவாய்ப்பல்காரர். வீங்கிய கன்னத்தை ஒரு கையால் தாங்கிக்கொண்டு மறு கையில் ஒரு புத்தகத்தைப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார். புத்தகத்துக்குப் பழுப்புக் காகிதத்தில் கச்சிதமாக உறை போட்டிருந்தார். வலியில் உயிர் போகிற மனிதர் டாக்டரம்மா கூப்பிட்டபோது, "இந்தப் பக்கம் முடிச்சுட்டு வந்துடறேன்" என்றார். பாப்பா எட்டிப் பார்த்தாள். அது அவள் எழுதிய புத்தகம்.

பாப்பா என்பது அண்ணன் வைத்த செல்லப் பெயர். ஐம்பத்திரண்டு வயது, மூட்டுவலி, நரை எல்லாம் வந்த பிறகும் அந்தப் பெயர் மட்டும் வளரவே இல்லை. மருத்துவமனையில் அவள் மேடம். இவை போக அவளுக்கு மூன்றாவதாக ஒரு பெயர் உண்டு. அது புத்தக அட்டைகளில் இருக்கும். அந்தப் பெயரில் அவள் வருடத்துக்கு ஒரு கொலை செய்வாள். ரத்தம் தெறிக்காத, சத்தம் போடாத, குடும்பத்தோடு படிக்கக்கூடிய கொலை. ஒரு சின்ன ஊர், அதில் ஒரு சலவைக்கடை, அதை நடத்தும் ஓர் அம்மா. துணியில் இருக்கிற கறையையும், சட்டைப்பையில் மறந்துபோன துண்டுச்சீட்டையும் வைத்தே அந்த அம்மா கொலைகாரரைப் பிடித்துவிடுவார். நடுவில் நிறையத் தேநீர், ஒரு பூனை. கடைசிப் பக்கத்தில் எல்லோரும் நிம்மதியாகச் சிரிப்பார்கள், செத்தவரைத் தவிர.

அப்படி ஆறு புத்தகங்கள் வந்துவிட்டன. ஆறும் அந்த வரவேற்பு மேசையில், சொன்ன நேரத்துக்கு வராமல் போனவர்களின் நேரத்தில் எழுதப்பட்டவை. உருப்படியாக ஒரு விஷம் வைக்கிற காட்சி எழுத வேண்டுமென்றால் மூன்று பேராவது வராமல் இருக்க வேண்டும். பேங்க் மேனேஜர் ஓடிப்போனதில்தான் நான்காவது புத்தகத்தின் சிறந்த அத்தியாயம் கிடைத்தது. இந்த ரகசியம் டாக்டரம்மாவைத் தவிர அங்கே யாருக்கும் தெரியாது.

பல்லைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்தவரிடம் பாப்பா, புத்தகத்துக்கு ஏன் உறை என்று ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்டாள். அழுக்காகிவிடக் கூடாது என்பார், பத்திரமாக வைத்துக்கொள்வேன் என்பார், கேட்டு மனசுக்குள் பூரித்துக்கொள்ளலாம் என்பது அவள் திட்டம். அவர் வாயிலிருந்த பஞ்சை ஓரமாகத் தள்ளிவிட்டுச் சொன்னார்.

"அட்டையைப் பார்த்தா கொலைகாரன் யாருன்னு தெரிஞ்சுடும் மேடம். அதான் என் மனைவியை விட்டு உறை போட வச்சு, அப்புறமாதான் கையில வாங்குவேன்."

அட்டையில் சந்தேகத்துக்கு உரியவர்கள் எல்லோருமே வரிசையாகத்தானே நிற்கிறார்கள், அதில் எப்படித் தெரியும் என்றாள் பாப்பா.

"யாருக்கு உயிர் இருக்கோ அவங்கதான்" என்றார் அவர். "மத்தவங்க எல்லாம் மரக்கட்டை. ஒருத்தர் மட்டும் நம்மளைப் பார்ப்பாங்க. ஆறு புத்தகத்துலயும் அப்படித்தான். படிக்கிறவங்க எல்லாருக்கும் இது தெரியும்."

பாப்பா அடுத்த ஆளை உள்ளே அனுப்ப மறந்துபோனதில், டாக்டரம்மா இரண்டு முறை மணி அடிக்க வேண்டியதாயிற்று.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் ஆறு புத்தகங்களையும் சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்தாள். அட்டைகள் அழகானவை என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை. அந்த அளவுக்கு அவள் கண் கெட்டுப்போகவில்லை. எல்லாம் அவள் அண்ணன் வரைந்தவை. அண்ணன் முப்பது வருடம் பள்ளிப் பாடநூல்களுக்குப் படம் வரைந்தவர். பூவின் பாகங்கள், தவளையின் வயிறு, நீர் ஆவியாகி மேகமாவது என்று அவர் கை தொடாத பாடமே இல்லை. அதனால் சலவைக்கடைப் பூனை, நான்கு காலும் வாலும் காதும் தனித்தனியாகத் தெரியும்படி, அறிவியல் புத்தகத்துப் பூனையாக நின்றது. தேநீர்க் கோப்பையின் ஆவி, இது மேல்நோக்கிச் செல்கிறது என்று சொல்லிக்கொண்டு மேலே போனது. மனிதர்கள், 'நமக்கு உதவுவோர்' என்ற பாடத்தில் நிற்பதைப் போல, கையைத் தொங்கவிட்டுக்கொண்டு, உயரவாரியாக நின்றார்கள்.

படம் என்றால் புரியவைக்க வேண்டும் என்பது அண்ணனுடைய கொள்கை. முதல் புத்தகத்துக்கு அவர் போட்டுக்கொடுத்த அட்டையில் கொலைகாரரின் கோட்டுப் பையிலிருந்து விஷப் புட்டி எட்டிப் பார்த்தது. பாப்பா தலையில் அடித்துக்கொண்டாள். மாணவனுக்குக் குழப்பம் வரக் கூடாதல்லவா என்று அண்ணன் பொறுமையாகக் கேட்டார். வாசகன் மாணவன் இல்லை, குழப்பத்துக்குத்தான் அவன் காசு கொடுக்கிறான் என்று அவருக்குப் புரியவைக்க ஒரு மாதம் ஆயிற்று. கடைசியில், புட்டியும் கிடையாது கத்தியும் கிடையாது, எல்லோரும் வெறுங்கையோடு வரிசையாக நிற்பது என்று உடன்பாடு ஆனது. பிரச்சினை அதோடு தீர்ந்தது என்று ஆறு வருடமாக அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

இப்போது பார்த்தால் கடைவாய்ப்பல்காரர் சொன்னது அப்படியே கண்ணில் அறைந்தது. முதல் புத்தகத்தில் ஐந்து பேர் பொம்மைகளாக நிற்க, மருந்துக்கடைக்காரி மட்டும் தூக்கம் கெட்ட கண்ணோடு பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவதில் தோட்டக்காரர் ஒரு தோளை மட்டும் கொஞ்சம் இறக்கி, ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டவர் போல நின்றார். ஐந்தாவதில் மூத்த மருமகளின் உதட்டோரம் அவ்வளவு துக்கம். ஒவ்வொருவரும் கொலைகாரர். குட்டு ஆறு அட்டையிலும் பட்டவர்த்தனமாக வெளிப்பட்டிருந்தது. எழுதியவளுக்கு மட்டும் தெரியவில்லை. அவளுக்குக் கொலைகாரர் யாரென்று முன்பே தெரியும் என்பதால் அந்த முகத்தைப் பார்த்து, ஆமாம் இப்படித்தான் இருப்பாள் என்று தலையாட்டிவிட்டு நகர்ந்திருக்கிறாள்.

இரண்டு நாள் கழித்துப் பதிப்பாளர் தொலைபேசியில் கூப்பிட்டார். அவர் அதிகம் பேசாத மனிதர். பேசினால் முடிவைத்தான் பேசுவார். வாசகர்களிடமிருந்து கடிதங்கள் வந்திருக்கின்றன, கடையில் நின்று அட்டையைப் பார்த்துவிட்டுக் கொலைகாரரைக் கண்டுபிடித்துத் திருப்பி வைத்துவிட்டுப் போகிறார்கள் என்றார். ஏழாவது புத்தகத்துக்குக் கணினியில் அட்டை செய்கிற ஒரு பெண்ணைப் பார்த்து வைத்திருப்பதாகவும், ஜன்னல், பூந்தொட்டி, பூனை என்று லட்சணமாகச் செய்து தருவாள் என்றும் சொன்னார். பாப்பா ஒரே ஒரு வாய்ப்புக் கேட்டாள். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, அண்ணன் போடும் அட்டையைக் கதை தெரியாத பத்துப் பேரிடம் காட்டச் சொன்னார். மூன்று பேருக்கு மேல் கொலைகாரரைச் சரியாகச் சொன்னால் அந்தப் பெண்தான் இனி எல்லாப் புத்தகத்துக்கும்.

அண்ணனிடம் இதைச் சொல்ல வேண்டும். சொல்லத்தான் முடியவில்லை. மூன்று முறை தொலைபேசியை எடுத்து, சாப்பிட்டாயா, மழை வருமா என்று விசாரித்துவிட்டு வைத்தாள். அட்டைகள் மோசம் என்பதை அவரிடம் சொல்லிவிடலாம். பூனையைப் பற்றி எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள், அவரும் சிரித்துக்கொண்டே அதே பூனையைப் போட்டிருக்கிறார். இது அப்படி இல்லை. இனி வேண்டாம் என்று சொல்வது.

அண்ணனுக்கும் அவளுக்கும் ஒரு வழக்கம் இருந்தது. புத்தகத்தில் முதல் வரி எழுதுவதற்கு முன்னால் அவள் அண்ணன் வீட்டுக்குப் போவாள். அண்ணி காப்பி வைத்துவிட்டு நகர்ந்ததும் அண்ணன் சமையலறை மேசையில் ஒரு வெள்ளைத்தாளை எடுத்துப் போட்டுக்கொண்டு, "யாரு?" என்று கேட்பார். பாப்பா சொல்வாள். யார் செய்தது, ஏன் செய்தது, செய்துவிட்டு அந்த ஆள் எப்படித் தூங்கினார், எல்லாம். இரண்டு மணி நேரம் ஆகும். அவர் ஒரு வார்த்தை குறுக்கே பேசமாட்டார். தாளில் எதையாவது கிறுக்கிக்கொண்டே கேட்பார். பெயரை மறைத்து எழுதுகிறவளுக்குத் தன் கதையைப் பற்றி வாய்விட்டுப் பேசக் கிடைத்த ஒரே இடம் அந்த மேசைதான். அதை அவள் வருடம் முழுக்க எதிர்பார்த்துக்கொண்டிருப்பாள். அவரும்தான்.

இந்த முறை அவள் போகவில்லை. ஏழாவது புத்தகத்தை எழுதி முடித்துவிட்டாள். ஊரில் மழை பிடித்துக்கொண்டு வரவேண்டியவர்கள் வராமல் போனதில் வேலை சீக்கிரம் முடிந்திருந்தது. கடிகாரக்கடைக்காரர் கொல்லப்படுகிறார். ரொட்டிக்கடைக்காரர், தபால்காரம்மா, பாட்டு டீச்சர், நூலகர், கால்நடை மருத்துவர் என்று ஐந்து பேர் மேல் சந்தேகம். செய்தவர் கால்நடை மருத்துவர். பாப்பா கடைசி மூன்று அத்தியாயங்களை உருவி மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டு, மீதியை உறையில் போட்டு அண்ணனுக்கு அனுப்பினாள். முடிவு இன்னும் பிடிபடவில்லை, பதிப்பாளர் அவசரப்படுத்துகிறார், யாரென்று எனக்கே தெரியவில்லை, நீ அட்டையை மட்டும் போட்டுவிடு என்று ஒரு சீட்டு எழுதி வைத்தாள். அண்ணனிடம் அவள் சொன்ன முதல் பெரிய பொய் அது.

அண்ணன் உடனே தொலைபேசியில் வந்தார். "யாருன்னு உனக்கே தெரியலையா?" என்று ஒரே ஒரு தரம் கேட்டார். தெரியவில்லை என்றாள். "சரி பாப்பா, அவசரப்படாத, தானா வரும்" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை போல இருந்தது.

மூன்று வாரத்தில் அட்டை வந்தது. பாப்பா மருத்துவமனையில் வைத்தே உறையைப் பிரித்து, மற்றதையெல்லாம் விட்டுவிட்டு நேராகக் கால்நடை மருத்துவரைத் தேடினாள். ஆள் வரிசையில் நான்காவதாக, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிவைத்தது போல விறைப்பாக நின்றார். கண்கள் இரண்டும் இரண்டு புள்ளி. அவளுக்கு உச்சி குளிர்ந்தது. ரொட்டிக்கடைக்காரர் பொம்மை. தபால்காரம்மா பொம்மை. பாட்டு டீச்சர் கையில் இருந்த வயலினுக்கு நரம்புகள் சரியாக நான்கு, டீச்சருக்கு மட்டும் கழுத்து இல்லை. பூனையின் பாகங்கள் பழையபடி தெளிவாகத் தெரிந்தன. இதைவிட மோசமான அட்டை கிடைக்காது, பிழைத்தோம் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

டாக்டரம்மாவிடம் அனுமதி வாங்கி, காத்திருக்கும் அறையின் சுவரில், பல் விளக்கும் முறை படத்துக்குப் பக்கத்தில் அதை ஒட்டினாள். வந்தவர்களிடம், இது வரப்போகிற புத்தகத்தின் அட்டை, பதிப்பாளர் தெரிந்தவர், இதில் யார் கொலைகாரர் போலத் தோன்றுகிறது என்று சும்மா கேட்கச் சொன்னார் என்றாள். கடைவாய்ப்பல்காரருக்கு அந்த வாரம் முறை இல்லாதது அவளுடைய அதிர்ஷ்டம். அவர் கண் பொல்லாத கண்.

முதலில் கம்பி போட்ட பெண். இரண்டு நொடிதான் பார்த்தாள். வரிசையில் நின்ற ஐந்து பேரையும் விட்டுவிட்டு, மூலையில் இஸ்திரிப்பெட்டியோடு நின்ற சலவைக்கடை அம்மாவின் மேல் விரலை வைத்தாள்.

பாப்பா சிரித்துவிட்டாள். அந்த அம்மாதான் கொலையைத் துப்பறிபவர், அவர் எப்படிக் கொலைகாரர் ஆவார் என்றாள். அந்தப் பெண் தோளைக் குலுக்கினாள்.

"தெரியல ஆன்ட்டி. மத்தவங்க எல்லாம் பொம்மை. இவங்கதான் மனசுல எதையோ பூட்டி வச்சுக்கிட்டு நிக்கிறாங்க."

பாப்பா நாட்குறிப்பில் ஒரு கோடு போட்டாள். அடுத்து வந்த வக்கீலும் இஸ்திரிப்பெட்டிக்காரம்மாவைத்தான் காட்டினார், அதுவும் வழக்கில் தீர்ப்புச் சொல்வது போல. பேங்க் மேனேஜர், தான் உள்ளே போவதைத் தள்ளிப்போடுகிற எதுவாக இருந்தாலும் சம்மதம் என்பதால், பத்து நிமிடம் நின்று ஒவ்வொருவராக ஆராய்ந்தார். கடைசியில் அவரும் அதே அம்மாவிடம் வந்து நின்றார். ஒரு குழந்தை பூனையைக் காட்டியது. கன்னம் மரத்துப்போய் வெளியே வந்த ஒருவர், இதில் செத்தது யார், எல்லோருமே செத்தவர்கள் போல இருக்கிறார்களே என்று கொழகொழவென்று கேட்டுவிட்டுப் போனார். கால்நடை மருத்துவரை ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பாப்பா சந்தோஷத்தில் ஒன்பதாவது ஆளிடம் கேள்வியை ஏறக்குறையப் பாடினாள்.

ஒன்பதாவது ஆள் பல்செட் அளவு கொடுக்க வந்த பெரியவர். பொக்கை வாய் என்பதால் அதிகம் பேசமாட்டார். சுவருக்குப் பக்கத்தில் போய் நின்று அட்டையைப் பார்த்தார். திரும்பி மேசையைப் பார்த்தார். மறுபடி அட்டையை. மறுபடி மேசையை. பிறகு ஒரு விரலைச் சலவைக்கடை அம்மாவின் மேல் வைத்தார், இன்னொரு கை விரலைப் பாப்பாவை நோக்கி நீட்டினார்.

"நீங்க இல்ல இது?" என்றார்.

காத்திருந்தவர்கள் நாலு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். ஆமாம், மேடமேதான் என்று ஒருவர் சொன்னார். பாப்பா மேசையை விட்டு எழுந்து சுவரருகே போனாள்.

இந்த மூன்று நாளாக அந்த அட்டையை அவள் முப்பது தடவையாவது பார்த்திருப்பாள். மூலையில் நிற்கும் அந்த அம்மா பக்கம் கண் போகவே இல்லை. தன் முகத்தை யாரும் சந்தேகப் பட்டியலில் வைத்துத் தேடுவதில்லை. இப்போது தேடிப் பார்த்தாள். தலையை இடது பக்கம் கொஞ்சம் சாய்த்து, உள் உதட்டைக் கடித்துக்கொண்டு, இஸ்திரிப்பெட்டியை வைக்க மறந்து, யாருக்கும் தெரியாமல் எதையோ யோசித்துக்கொண்டு நிற்கிற ஒருத்தி. கண்ணுக்குக் கீழே இருக்கிற சின்ன மடிப்புகூட விட்டுப்போகவில்லை. நெற்றியில் விழும் நரைமுடி ஒவ்வொன்றும் தனித்தனியாக, அவசரமில்லாமல் வரையப்பட்டிருந்தது. கண்ணாடியில் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குத் தெரிவது வயதான ஒரு வரவேற்பாளர். இவளைப் பார்த்தால் இவளிடம் ஆறு கொலை இருக்கும் என்று சத்தியம் பண்ணலாம். பாப்பாவுக்குக் கண் கலங்கியது. பல்செட் பெரியவர், பரவாயில்லைம்மா, கொலை செய்யாதவங்க யாரு என்கிற பாவனையில் அவள் தோளைத் தட்டிவிட்டு உள்ளே போனார்.

பதிப்பாளரிடம் கணக்கைச் சொன்னாள். எட்டுப் பேர் சலவைக்கடை அம்மா, ஒருவர் பூனை, ஒருவருக்குச் செத்தவர் யாரென்றே தெரியவில்லை. துப்பறிபவரையே கொலைகாரர் என்று நினைத்து வாங்கினால் கடைசிப் பக்கம்வரை படிப்பார்கள் என்றார் பதிப்பாளர். பிறகு, அண்ணன்தான் இனி எல்லாப் புத்தகத்துக்கும் என்று சொல்லி வைத்துவிட்டார். பாப்பா ஜெயித்துவிட்டாள். ஆனால் ஜெயித்தவளுக்கு இருக்க வேண்டிய கெத்து அவளிடம் இல்லை. இழுப்பறையில் மூன்று அத்தியாயம் பூட்டிக்கிடந்தது. அதைச் சொல்லாமல் அடுத்த தடவை அந்தச் சமையலறையில் எப்படிப் போய் உட்காருவது?

ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணன் வீட்டுக்குப் போனாள். அண்ணி கதவைத் திறந்தார். அண்ணன் சமையலறை மேசையில் பென்சில்களைச் சீவி, நீளவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தார். பாப்பா நாற்காலியில் உட்காரக்கூட இல்லை. நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினாள். அட்டையைப் பார்த்தே எல்லோரும் கொலைகாரரைக் கண்டுபிடிப்பது, பழுப்புக் காகித உறை, பதிப்பாளர் பார்த்து வைத்த பெண், பத்துப் பேர் பரீட்சை, முடியாத கதை என்று சொன்ன முடிந்த கதை, எதையும் விடவில்லை. பேசி முடித்தபோது அவளுக்கு நாக்குத் தள்ளியது.

அண்ணன் கையிலிருந்த பென்சிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணிதான் முதலில் பேசினார். ஆறு புத்தகத்திலும் தானும் அட்டையைப் பார்த்துத்தான் கண்டுபிடித்ததாகவும், இதை ஏன் சொல்ல வேண்டும், கண்டுபிடிக்கிற சந்தோஷம் தனக்கு இருந்துவிட்டுப் போகட்டும் என்று வாயை மூடிக்கொண்டதாகவும் அமைதியாகச் சொன்னார். அண்ணன் மனைவியைத் திரும்பிப் பார்த்த பார்வையைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"நான் வேணும்னு செய்யலை பாப்பா" என்றார் அவர்.

"தெரியும்ணா. எப்படி ஆச்சு, அதைத்தான் கேக்கறேன்."

அவர் பாடம் நடத்துகிறவர் போல, ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தார். "நீ இங்க உக்காந்து ரெண்டு மணி நேரம் ஒருத்தரைப் பத்தியே பேசுவ. அவங்க ஏன் செஞ்சாங்க, எப்படித் தூங்குனாங்கன்னு. நான் வரையறப்ப அதெல்லாம் காதுல கேட்டுக்கிட்டே இருக்கும். அவங்க முகம் தானா வந்துடும். மத்தவங்களைப் பத்தி நீ எதுவும் சொன்னதில்ல, எனக்கும் அவங்களைத் தெரியாது."

"இந்தத் தடவை நான் யாரைப் பத்தியும் சொல்லலையே."

"சொல்லலை. பொய் சொல்றேன்னு சீட்டைப் படிச்சப்பவே தெரிஞ்சுது. யாருன்னு தெரியாம நீ ஒரு வரி எழுதினதில்ல." அவர் பென்சிலைக் கீழே வைத்தார். "என்கிட்ட எதையோ மறைக்கறா, மறைச்சுக்கிட்டு அங்க தனியா உக்காந்து என்ன பாடுபடறாளோன்னு ஒரே யோசனை. மூணு வாரமா அதுதான் மனசுல ஓடுச்சு. வரைஞ்சு முடிச்சுப் பார்த்தா நீ நிக்கற."

பாப்பா ஆறு வருடமாக இந்த மேசையில் கொலைகாரர்களைப் பற்றிப் பேசியிருக்கிறாள். தன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. பேச என்ன இருக்கிறது என்று நினைத்தவள். பேசாமலேயே இவ்வளவு கேட்டிருக்கிறார் மனிதர். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். இனிமேல் எதையும் மறைக்கமாட்டேன், செய்தது யாரென்று இப்போதே சொல்லிவிடுகிறேன் என்று ஆரம்பித்தாள்.

அண்ணன் அவசரமாகக் கையை நீட்டித் தடுத்தார். வேண்டாம், புத்தகம் வந்ததும் எல்லோரையும் போலப் படித்துக்கொள்கிறேன் என்றார். தபால்காரம்மா மேல் தனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது, அதை வைத்துக்கொண்டு நன்றாகப் பொழுது போகிறது, கெடுத்துவிடாதே என்றும் சொன்னார். ஆனால் அதற்காக இந்த மேசைக்கு வருவதை நிறுத்தக் கூடாது. கொலையைத் தவிர வேறு ஏதாவது பேசலாம்.

"வேற என்னத்தைப் பேசறது?" என்றாள் பாப்பா.

"ஏதாவது. உனக்கு முட்டி வலி எப்படி இருக்கு?"

அவள் சொன்னாள். படி ஏறும்போது வலிப்பது, மழைக்காலத்தில் கூடுவது, டாக்டரம்மா கொடுத்த மாத்திரை ஒத்துக்கொள்ளாதது. மருத்துவமனையில் பகல் முழுக்க மற்றவர்கள் வலியைக் கேட்டுக் குறித்துக்கொள்கிறவளுக்குத் தன் வலியைச் சொல்லச் சொல்லச் சுவாரசியமாகக்கூட இருந்தது. அண்ணன் ஒரு வெள்ளைத்தாளை எடுத்துப் போட்டுக்கொண்டார். அண்ணி அடுப்பைப் பற்றவைத்தார். பேச்சு முட்டியிலிருந்து பக்கத்து வீட்டுக்குப் போய், அங்கிருந்து டாக்டரம்மாவின் புதுக் காருக்கு வந்தபோதுதான் பாப்பா எட்டி அந்தத் தாளைப் பார்த்தாள். மறுபடியும் அவள்தான், இந்த முறை வாய் திறந்து பேசிக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் சரிண்ணா. ஆனா என் மூக்கு இவ்வளவு பெரிசு இல்ல."

அண்ணன் பென்சிலை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அவள் மூக்கைக் கவனமாக அளந்தார். தாளில் இருந்ததையும் அளந்தார்.

"இருக்கு பாப்பா" என்றார்.